பதினாறு கிலோஹேர்ட்ஸ்

கேதாரநாதனின் ஓட்டோவில் இனி எஞ்சின் இல்லை.
கழற்றி என் கராஜ் மூலையில் கவிழ்த்திருக்கிறேன்,
மல்லாவிச் சந்திப் புழுதி அதில் ஒட்டத் தொடங்கிவிட்டது.
அது இருந்த இடத்தில் பத்துப் பெட்டி பற்றரி.
பேலியகொடையில் நசுங்கிக் கிடந்த
மின்சாரக் கார் ஒன்றின் வயிற்றில் நாற்பத்தெட்டு இருந்தன.
மீற்றர் வைத்துப் பார்த்ததில் தேறியவை இவ்வளவுதான்.

லொறியில், ஏ-ஒன்பதால், பகலில் வந்தன.
ஓமந்தையில் ஒருவரும் மறிக்கவில்லை.
இதே வீதியில் பென்ரோச் செல் இரண்டை
சவர்க்காரத்துக்குள் குடைந்து வைத்துக் கொண்டுவந்தவள் நான்.
அப்போது எல்லாமே மண்ணெண்ணெயில் ஓடின:
சிரிஞ்சால் நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சி,
உதைத்து,
இருமி,
வெள்ளைப் புகையோடு.

முதல் ஓட்டம் பாலிநகருக்கு.
பின் சீற்றில் பவளராணி, மடியில் கத்தரிக்காய் மூட்டை.
கேதாரநாதன் முறுக்கினார்.
மோட்டர் ம்ம்ம் என்று எழுந்து
ஒரே சுருதியில் நின்றது.
அவள் றெக்சீன் திரையை விலக்கி
வானத்தைப் பார்த்தாள்.
"நிப்பாட்டு."
இறங்கிப் பாலை மரத்தடியில் நின்றாள்,
மூட்டை ஓட்டோவிலேயே இருக்க.

வண்டு என்போம் அதை. ஆளில்லாமல்
இரவிரவாகத் தலைக்கு மேல் சுற்றும்.
அது போன பிறகு வருவதைப் பற்றி
இந்தக் கவிதையில் இடமில்லை.

"சத்தம் பிழை, தங்கச்சி" என்றார் திரும்பி வந்து.
தெரியும் என்று சொல்லவில்லை.
முதல் முதல் சுழலவிட்ட அன்று
நானும் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தேன்,
கையில் ஸ்பானரோடு.

மடிக்கணினியைக் கொன்ட்ரோலரில் கொழுவினேன்.
எட்டு கிலோஹேர்ட்ஸ் என்றிருந்ததைப் பதினாறாக்கினேன்.
கூடச் சூடாகும், சொன்னேன்.
ஒரு சார்ஜுக்கு எண்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடுவது
எழுபத்தெட்டாகும்.
"நாலு போகட்டும்."

இப்போது மணல் நெரிபடுவது கேட்கிறது.
பின்னால் இருப்பவர்கள் கதைப்பது கேட்கிறது.
மற்றது நின்றுவிடவில்லை,
எங்கள் காதுக்கு எட்டாத உயரத்துக்கு
ஏற்றி விட்டிருக்கிறேன், அவ்வளவே.

கராஜ் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக் கேட்கும்.
கேதாரநாதன் சந்தி திரும்புமுன்பே காது நிமிரும்.
போன மாசியில் பிறந்த குட்டி.
தலையைத் தூக்கி
ரோட்டைத்தான் பார்க்கிறது.