இடது காலுக்கு வேலையில்லை

இந்தக் காரில் கிளட்ச் கிடையாது.
இடது கால் இன்னும் அதை நம்பவில்லை.
எல்லையம்மன் கோயில் சிக்னல் வந்தால்
தானாகத் தூக்கி, வெறும் மேட்டை மிதிக்கிறது.
முப்பத்து மூன்று வருடம் டேங்கர் ஓட்டிய கால்,
சர்க்கரைக்கு இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு
ஸ்டான்லியிலிருந்து நொண்டி வந்த கால்.
"பழைய வண்டி இனிமே உனக்கு ஆவாதுப்பா" என்று
பிரமிளாதான் லோன் போட்டாள்.
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்,
டிப்போவில் சலானுக்குப் போடுவதுபோல, படிக்காமல்.

சாவி இல்லை, சத்தம் இல்லை,
மூக்குக்கும் ஒன்றுமில்லை.
கொருக்குப்பேட்டை கேட் போட்டதும்
சுற்றி எல்லோரும் இன்ஜினை அணைத்தார்கள்.
அணைக்க ஏதும் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.
மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி,
"இன்னா நைனா, வண்டி செத்துப்பூட்ச்சா?"
"உசுரோடதான் கீது" என்றேன்.
எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

எண்ணூர் ரோட்டில் அதற்கு வேறு கஷ்டம்.
கோட்டுக்குள் தானே ஓட்டிக்கொள்ளுமாம்.
இங்கே கோடு ஏது?
டிரெய்லர் டயர் தின்றது போக மிச்சம்
மண்ணுக்கு அடியில்.
தேடித் தேடிப் பார்த்துவிட்டு
"கைகளை ஸ்டியரிங்கில் வைக்கவும்" என்கிறது,
இந்தப் பக்கமே வராத ஒரு பெண் குரல்.
எடுத்தால்தானேம்மா வைப்பதற்கு.

செவ்வாய்க்கிழமை, காலடிப்பேட்டை தாண்டி,
நின்றிருந்த இரண்டு கன்டெய்னருக்கு நடுவிலிருந்து
ஒரு பந்து, பின்னாலேயே ஒரு பையன்.
வண்டி நின்றது.
நான் நிறுத்தவில்லை.
பெல்ட் தோளை அறுத்தது.
பையன் பானட்டில் கை ஊன்றி
என்னை ஒரு முறை முறைத்துவிட்டு
பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
அதற்கப்புறம்தான் என் வலது கால்
பிரேக்குக்குப் போய்ச் சேர்ந்தது.
அரை வினாடி இருக்கும்.

பின்னால் ஹாரன். நான் நகரவில்லை.

தொண்ணூற்று நாலு, மே மாதம்,
தேரடிக்குக் கொஞ்சம் முன்னால்
பன்னிரண்டாயிரம் லிட்டரோடு நான் வந்தேன்.
கேரியரில் கோணி சுற்றிய ஐஸ்கட்டியோடு
முனிரத்தினம் வந்தான்.
பெயர் எஃப்.ஐ.ஆரில் பார்த்துத் தெரிந்துகொண்டது.
வயது பத்தொன்பது.
ஆறு வருடம் கேஸ் நடந்தது.
ரோட்டில் பள்ளம், சைக்கிளில் பிரேக் கட்டை இல்லை,
ஓட்டுநர் மீது குற்றமில்லை என்று எழுதினார்கள்.
எல்லாம் சரிதான்.
போலீஸ் வரும்வரை
முன்சக்கரத்தின் நிழலில் குந்தியிருந்தேன்.
உடைந்த பாதி ஐஸ்கட்டி
மே மாதத் தார் ரோட்டில் கரைய
எவ்வளவு நேரமாகும் என்று
வக்கீல்கூட என்னைக் கேட்கவில்லை.
ஒரு மணி பத்து நிமிஷம்.
கோணி மட்டும் ஈரமாகக் கிடக்கும்.

பிரேக் பிடித்தால் கரண்ட் திரும்ப
பேட்டரிக்கே போய்விடும் சார் என்று
ஷோரூம் பையன் சொன்னபோது
நல்லதுப்பா என்று தலையாட்டினேன்.
திருப்பித் தருகிற பிரேக்கை
நான் மிதித்ததே இல்லை.

ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.
காலையில் பானட் முழுக்கச் சாம்பல்.
காற்று அத்திப்பட்டுப் பக்கம் இருந்து.
புகையே விடாத வண்டி,
அதன் புகையை வேறொரு குழாய் விட்டுக்கொண்டிருக்கிறது,
அதுவும் விலாசம் விசாரித்து வீட்டுக்கே வந்துவிடுகிறது.
பழைய துணியை நனைத்துத் துடைத்தேன்.
இடது ஓரத்தில் சாம்பல் கொஞ்சம் கெட்டியாக ஒட்டி
ஐந்து விரல்.
துணி அங்கே நின்றது.
மாடியிலிருந்து பிரமிளா, "இன்னாப்பா?"
"ஒண்ணுமில்ல. தூசி."
அதையும் துடைத்தேன்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன்.
தெருமுனையில் ஒரு ஆடு.
இடது கால் தூக்கி
இல்லாத கிளட்சை
அடிவரைக்கும் அழுத்தியது.
இன்றைக்கு அதைத் திட்டவில்லை.