ஏழாம் அத்தியாயத்தின் கதவு

அக்டோபரிலிருந்து
கதவுப் பிடியில் கை வைத்தபடி நிற்கிறாள் இல்ஸே.
இப்போது பிப்ரவரி.
கால் வலிக்காதா என்கிறாள் மகள் உக்னே,
ஓட்ஸ் கஞ்சியில் கரண்டியை நட்டுவிட்டு.
வலிக்கும்தான்.
அந்த அறையில் நான் நாற்காலி எழுதவில்லை.

காலை ஐந்தேகால். கிளைப்பேதா இன்னும் இருட்டு.
மேசை என்று நான் சொல்லிக்கொள்வது
சலவை இயந்திரத்தின் மேல்தட்டு.
ஆறு மணிக்கு யோலிதா துணி போட வருவதற்குள்
முந்நூறு சொல்,
அது புத்தாண்டுச் சபதம்.
ஜனவரி பாதியில் நூற்றைம்பதானது.
பிறகு ஐம்பது.
பிறகு, உட்கார்ந்தாலே போதும் என்றானது.

குளிர்பெட்டிக் கதவில் நாட்காட்டி.
கட்டத்துக்குள் என் கணக்கு:
நாற்பது. பன்னிரண்டு. ஒரு நாள் கழித்தல் இருநூற்றாறு.
கழித்த அன்று இரவு
அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏழரைக்குப் படகுத்துறை.
ஸ்மில்டினே போகும் படகில்
கார்களைக் கையசைத்து வரிசையில் நிறுத்துவது பிழைப்பு.
பத்து நிமிடம் போக, பத்து நிமிடம் வர,
காயலின் அகலம் அவ்வளவுதான்.
நாளைக்கு இருபத்திரண்டு முறை கடக்கிறேன்.
அவளை ஒரு வாசற்படி கடத்திவிட
துப்பில்லை.

"முடிந்ததா?" என்பார் மாலுமி கின்தவுதாஸ்,
பல்வலியை விசாரிக்கிற குரலில்.
பதினோரு வருடத்தில்
அவர் வீட்டுக்கு இரண்டு முறை கூரை மாற்றிவிட்டார்.
ஓர் அத்தியாயம் படிக்கக் கொடுத்தேன்.
விலாங்கை இத்தனை மணி நேரம் புகையில் போட்டால்
கரிதான் மிஞ்சும் என்றார்.
வேறு விமர்சனம் இல்லை.
திருத்தினேன். அன்றைக்கு, கூட்டல் ஒன்று.

என்னோடு படித்த ரிம்விதாஸுக்கு
மூன்றாவது நாவல் வந்துவிட்டது.
பேருந்து நிறுத்தத்தில் கண்ணாடிக்குள் அவன் முகம்,
புதிதாக மீசை.
வாழ்த்து அனுப்பினேன்.
அதைப் பொறாமை தெரியாமல் திருத்த நாற்பது நிமிடம்.
பதினெட்டுச் சொல்.
கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று
பேனாவோடு சற்று நின்றேன்.

திங்கள் இரவு கடைசிப் படகு முடிந்து
வீட்டுக்குப் போக அலுப்பாகி
துறைக் கொட்டகை பெஞ்சிலேயே படுத்துவிட்டேன்.
விடிந்து கதவைத் தள்ளினால்
அசையவில்லை.
தோளால் முட்டினேன்.
வெளிப்பக்கம் திறக்கிற கதவு,
வெளியே முழங்கால் உயரப் பனி.

அப்பால் கின்தவுதாஸ் மண்வெட்டியும் வசவுமாகத் தோண்ட
இப்பால் நான்
தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில்
இல்ஸே வீட்டுக் கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தவன் நான்.
ஆறாம் அத்தியாயத்தில்
மூன்று நாள் விடாமல் பனி கொட்டியவனும் நானே.
நான்கு மாதமாக
அவள் மனத்தில் ஏதோ தயக்கம் என்று
பக்கம் பக்கமாய் அளந்திருக்கிறேன்:
இறந்த தம்பி, பழைய கடிதம்,
தண்ணீரைப் பற்றி ஒரு நீண்ட கனவு வேறு.
தயக்கமாவது மண்ணாங்கட்டியாவது.
கதவு பனியில் மாட்டியிருக்கிறது.
அவளுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும்.
எனக்காக, மரியாதைக்கு,
பிடியை விடாமல் நின்றிருக்கிறாள்.

டிக்கெட் சுருளைக் கிழித்து
பின்பக்கம் எழுதினேன்:
சன்னல் வழியே இறங்கினாள் இல்ஸே.

வீட்டுக்கு வந்து கட்டத்தில் நான்கு என்று போட்டேன்.
சலவை இயந்திரம் உதறிக்கொண்டிருந்தது.
யோலிதா எட்டிப் பார்த்து
"நான்குதானா?" என்றாள்,
பிறகு என் முகத்தைப் பார்த்து
அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

உக்னே காலுறையை மாட்டியபடி கேட்டாள்:
"வெளியே அவ்வளவு பனி என்றாயே,
கோட்டு போட்டுக்கொண்டாளா?"

கோட்டை
மூன்றாம் அத்தியாயத்திலேயே
ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்குக்
கொடுத்துவிட்டாள்.