மைலுக்கு ஒரு டாலர்

அதிகாலை நாலரை. ஓஹையோவில் உறைபனி.
சாலைமுனையில் லாந்தர் ஒன்று ஆடினால்
ஓபேத் மாஸ்ட் தயார் என்று அர்த்தம்.
பின்னாலேயே மச்சினன்கள் மூவர்,
ஆணிப் பை, வைக்கோல் வாசம்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
என் வேனில் ஏறியதும் தூங்கிப்போவார்கள்.
கூரை வேலைக்கு அறுபது மைல்.
கார் வைத்துக்கொள்ளக் கூடாது அவர்கள்.
ஏறலாம்.

மதியம் பெட்ரோல் பங்கில்
சுற்றுலா வந்தவள் என்னை ஓரங்கட்டுகிறாள்:
"எவ்வளவு எளிமை! பொறாமையாக இருக்கிறது.
நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறார்களா?"
அதற்குள் அவள் புருஷன்
சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடும்
நாலு முதுகுகளைப் படம் எடுத்துவிட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம்.
ஓபேத்துக்கு ஆறிய பீட்சாதான் பிடிக்கும்.
ஏணி இறங்கும்போது முழங்காலைத் திட்டுவான்,
ஜெர்மனில், மெதுவாக.
வேலித் தகராறில் அண்ணனோடு பேச்சில்லை
இரண்டு வருஷமாய்;
ஞாயிறு ஆராதனைக்கு ஒரே பெஞ்சு.
அரை டாலருக்கு என்னோடு மல்லுக்கட்டுவான்.
"இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி" என்றேன்.

திரும்பும் வழியில் மற்றவர்கள் குறட்டை.
"அந்தம்மா என்ன கேட்டாள்?"
"நீங்கள் சந்தோஷமா என்று."
அவன் சிரிக்கவில்லை.
கடைவாசல்களில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து
ஒற்றை ஒற்றையாய்ச் சாப்பிடுகிறவர்களை
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தான்.
மூன்று சிக்னல் தாண்டி,
"ரோண்டா, ராத்திரி நீ யாரோடு சாப்பிடுவாய்?"

பனி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.
வைப்பரைப் போட்டேன்.

இறங்கும்போது
அரை டாலர் குறைத்துத்தான் கொடுத்தான்.