பூட்டு மூடி

காலையில் ஒரு குற்றமுமில்லை.
சொக்கை இழுத்துத் திறப்பைத் திருப்பினால்
இரண்டாவது இருமலில் எழும்பிவிடும்
என் ஆறு ஸ்ரீ டட்சன்.
பின்னிருக்கையில் நிலாவெளி விடுதிகளின் படுக்கை விரிப்புகள்,
நாற்பத்திரண்டு, கஞ்சி போட்டு மடித்தவை.
உவர்மலை இறக்கம். சந்தையடி.
மானொன்று நடுத்தெருவில் நின்று
கோவா இலை சப்பும். காத்திருப்போம்.
அப்போதுகூட அணையாது.

சாம்பல்தீவுப் பாலத்தில்தான் வரும்.
முதலில் ஒரு தயக்கம்,
சொல்ல வந்ததை மறந்தவர் போல.
இரண்டு வெட்டு.
பிறகு ரயர் உருளும் சத்தம் மட்டும்.

இருபது நிமிஷம் விட்டால் மறுபடி ஓடும்.
அந்த இருபது நிமிஷத்துக்குள் எத்தனை வைத்தியம்!
ஈரச்சாக்குப் போடு என்றார் இறால்காரர்.
கொயில் சூடேறுது என்றான் ஓட்டோப் பெடியன்.
வித்துத் துலை என்றார்
கட்டாரிலிருந்து என் புருஷன்.

மட்கோவில் ஜுனைதீன் காக்கா
காபரேற்றரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பினார்.
ஜெற்றை வாயால் ஊதினார், கம்பி விடவில்லை.
"துளை பெருத்தாக் குடிச்சிட்டே இரிக்கும், தங்கச்சி."
பொயின்ற் புதிது, கொண்டென்சர் புதிது.
மறுநாள் அதே பாலம்.

"நிக்கிற இடத்திலயே பாருங்க" என்றார்.
பார்த்தேன்.
காபரேற்றரின் பக்கவாட்டில் நகமளவு கண்ணாடி, நடுவே கோடு.
கோடு வரை நிற்கவேண்டிய பெற்றோல்
கண்ணாடியிலேயே இல்லை.
நெருப்பில் பிழையில்லை.
வரவேண்டியது வரவில்லை.

பம் மாற்றினோம். ஒன்பதாயிரம்.
மறுநாள் அதே பாலம்.

சலவைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில்
எழுதத் தொடங்கினேன்:
ஏழு லீற்றர் இருந்த நாள், நிலாவெளி வரை போனது.
பாதித் தாங்கி, பாலம்.
முழுத்தாங்கி அடித்த நாள்,
அலஸ்தோட்டம்கூடத் தாண்டவில்லை.
வயிறு நிறைந்த நாளில்தான் முந்தி மயங்குகிறது.
ஜுனைதீன் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.
தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.
"நிண்ட உடன தாங்கிட மூடியத் திறந்து பாத்தீங்களா?"

அடுத்த முறை திறந்தேன்.
உஸ்ஸ்ஸென்று
உள்ளே இழுத்தது காற்றை.
நீரில் நெடுநேரம் அமுங்கிக் கிடந்து
தலைதூக்கிய ஆளைப் போல.
உடனே ஓடியது.

வரிசைக் காலத்தில் வாங்கிய பூட்டு மூடி அது.
இரண்டு இரவு காருக்குள் படுத்துக்கிடந்து
அடித்த பெற்றோலில் நாலு லீற்றர்
விடியமுன் காணாமற்போனது.
பக்கத்து வளவு மாமரத்தில் ரப்பர்க் குழாய் தொங்கியதைக் கண்டேன்.
அன்றிலிருந்து யோவான்பிள்ளையரோடு கதையில்லை.
பழைய மூடியில் மூச்சுக்கு ஒரு துளை இருந்ததாம்.
இது கள்ளனையும் விடவில்லை, காற்றையும் விடவில்லை.
எங்கோ ஒரு விளிம்பால் காற்றுக் கசிந்து நிரம்பத்தான்
அந்த இருபது நிமிஷம்.

"பழைய மூடியவே போடுங்களன்" என்றார் ஜுனைதீன் காக்கா.
அது சலவையறை யன்னலில் இருக்கிறது,
கழன்ற பொத்தான்களோடு.
இல்லை, இதிலேயே துளை போடுங்கள் என்றேன்.
ஊசிப் பருமனில் போட்டார். காசு வாங்கவில்லை.
பழைய பம் நல்லாத்தான் இருந்தது என்றார்,
வேறெங்கோ பார்த்தபடி.
அதைத் திருப்பித் தரவுமில்லை.

இப்போது பாலத்தில் நிற்பதில்லை.
கால்தான் தானாகக் கிளச்சைத் தேடுகிறது.

இன்று கொடியில் விரிப்புப் போடும்போது
யோவான்பிள்ளையர் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
அதே குழாய்.
கைப்பிடிக்குள் அடங்காத பருமன்.
தாங்கியின் வாய்க்குள் நுழையவே நுழையாது.

விரிப்பின் நுனியை இழுத்து நேராக்கினேன்.
நிமிர்ந்தபோது
அவர் உள்ளே போய்விட்டிருந்தார்.