வெட்டாத குழாய்

லூப்லியானாவில் மூன்று நாளாய் மழை.
வ்லாஸ்தா கழுத்துப்பட்டையைக் கழற்றிப்
பைக்குள் திணித்துக்கொண்டே கடைக்குள் வந்தாள்.
முப்பத்தோரு வருடம் தபால் முத்திரை குத்திய கை.
மே மாதம் திராவா நதியோரம்
பதினோரு நாள் போக வேண்டுமாம்:
கூடாரம், அடுப்பு, ஒரு கிலோ காப்பித்தூள்.

சுவரோரப் பச்சை வண்டியை
விலைச்சீட்டைப் பார்த்தே பிடித்துவிட்டது.
பாதி விலை.
ஹேண்டில்பார் தாழ்ந்திருந்தால்தான் அழகென்று
ஃபோர்க்கின் கழுத்தை ரம்பத்தால் அறுக்கச் சொன்னவன்
ஓர் ஆகஸ்டு முழுக்கக் குனிந்து ஓட்டி
விரல் மரத்துத் திருப்பித் தந்தது.
(அறுத்தவள் நான்.)

ரோலரில் ஏற்றினேன்.
முதலில் சீட்: குதிகால் பெடலில், முழங்கால் நேராக.
அது சுலபம்.
கைக்குத்தான் நேரம் வேண்டும்.
முதல் ஐந்து நிமிடம்
யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை.

"சரியாத்தான் இருக்கு."
"பேசிக்கிட்டே மிதிங்க."
ப்துய் ஊர்த் தங்கையைப் பற்றிப் பேசினாள்,
முகவரியில்லாமல் வந்த ஒரு பொட்டலம் பற்றி,
அதற்குள் இருந்த ஒற்றைச் செருப்பு பற்றி.
பத்தாம் நிமிடம் தோள்கள் காதை நோக்கி ஏறின.
பிறகு ஒரு கையை எடுத்து உதறினாள்,
உதறியது அவளுக்கே தெரியாது.

எங்கே பார்க்கிறீர்கள், என்றேன்.
முன்சக்கரத்தை.
பதினோரு நாளுமா?

"கொஞ்சம் உயர்த்திக் கொடேன்."
வெட்டிய குழாய் நகமா, வளர?
ஒட்டுத்துண்டு ஒன்று இருக்கிறது,
போட்டால் பிரேக் கம்பி எட்டாது.

உள்ளே போய்ச் சாம்பல் நிற வண்டியை உருட்டி வந்தேன்.
அழகில்லை. கழுத்து நெடுக வளையங்கள்,
புகைக்கூண்டு மாதிரி.
சீட்டுக்குச் சமமாக வைத்தேன்.
இன்னும், என்றாள்.
மேலிருந்து இரண்டு வளையத்தைக் கழற்றிக் கீழே போட்டேன்.

மிதித்தாள். பேச்சு நின்றது.
"எதிர்க்கடை வாசலில ஒருத்தன்
குடையை மடக்கத் தெரியாமத் தவிக்கிறான் பார்."
திரும்பிப் பார்த்தேன். ஆமாம்.

விலையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள்.
ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டுக்
கூடாரத்தை அடித்தாள்;
தங்கை வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறதாம்,
பூஞ்சைதான், பரவாயில்லை.

"மேலே நீட்டிக்கிட்டிருக்கிற மிச்சத்தை அறுத்துடவா?"
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
"இருக்கட்டும்.
அறுபத்தஞ்சு வயசுல இன்னும் கொஞ்சம் நிமிரணும்."

அவள் போனபின்
பச்சை வண்டியின் சீட்டில் எழுதிச் சேர்த்தேன்:
குழாய் வெட்டப்பட்டது.
வெட்டியது யாரென்று எழுதவில்லை.