உரிமையாளர் நீங்கள்தானா

ஒன்பதாம் நாள்.
பேரண்ட்ஸ் கடலில் வலை இறக்கிவிட்டுக்
காத்திருக்கும் இரவு.
இரவென்று சொல்வது பழக்கத்துக்காக;
டிசம்பரில் இங்கே சூரியன் விடுப்பு.

எஞ்சின் அறையிலிருந்து ஏறி வந்து
கைக் கிரீஸைக் கால்சட்டையில் துடைத்து
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
என் ஆப்பிள் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

சிரிக்காதீர்கள்.
ஃபாரோ தீவுகளில் மரம் என்பது
சுவர் எழுப்பிக் காவல் காத்து,
காற்று போனால் போகிறதென்று விட்டுவைத்த
பத்துப் பன்னிரண்டு.
இந்த விளையாட்டில் எனக்கு நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் விட்டவன் நான்.
தோர்ஸ்ஹவுனில் காசு கொடுத்து வாங்கினேன்;
ரசீது இன்னும் பர்ஸில்,
மை மங்கி, பெயர் பாதி அழிந்து.

திரையில் தோட்டம் இல்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி:
'உரிமையாளர் நீங்கள்தானா?
உறுதிசெய்ய இணையத்தில் இணையவும்.'

நான்தான்.
முந்தாநாளும் நான்தான்.
கரையில் இருந்தபோது மூன்று நாளுக்கொருமுறை
கேட்டாய், சொன்னேன்.
என் மனைவிகூட இத்தனை தடவை
எங்கே போனாய், யார் நீ என்று கேட்டதில்லை,
கேட்டிருக்க வேண்டிய வருடங்களிலும்.

வாங்கிய கம்பளிச் சட்டை
தலையை நுழைக்கும்போதெல்லாம்
நிறுத்தி விசாரிப்பதில்லை.

எதிர் மேசையில் சமையல்காரன் ஐவார்ஸ்.
அதே விளையாட்டு.
அவன் தோட்டத்தில் வசந்தம், பூ உதிர்கிறது,
தேனீ சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கிறது.
லியபாயாவில் மச்சான் கொடுத்த பிரதி;
ஒரு சென்ட் கொடுத்ததில்லை.
அவனிடம் அது எதையும் கேட்பதில்லை.
திருடனை நம்பும் பூட்டை
இப்போதுதான் பார்க்கிறேன்.

'வேணுமா?' என்று பென்டிரைவை நீட்டுகிறான்.
வெங்காய வாசனை.
வேண்டாம் என்றேன்.
என்னிடம் ரசீது இருக்கிறது.

பத்து. பதினொன்று.
வலை கிழிந்து ஏறியது, பாதி காட் மீன், பாதி கல்.
நீங்கள் இல்லாதபோதும்
உங்கள் தோட்டத்தில் பருவங்கள் மாறும் என்று
அட்டைப்பெட்டியில் பெருமையாய் அச்சிட்டிருந்தது.
அப்படியானால் இந்நேரம் அங்கே உறைபனி.
அடிமரத்தில் வைக்கோல் சுற்ற ஆளில்லை.

பன்னிரண்டாம் நாள் கேப்டன் சாமலிடம் போய்
செயற்கைக்கோள் இணைப்பில் நான்கு நிமிடம் கேட்டேன்.
வானிலை வாங்குவதற்கென்று வைத்திருப்பது,
நிமிடக் கணக்கில் காசு.
எதற்கு என்றார்.
வங்கி வேலை என்றேன்.
சொந்தப் பொருளைத் திறக்க
முதல் பொய்.

இணைந்தது.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பெட்டி விலகி
இன்னொரு பெட்டி வந்தது:
'புதிய பதிப்பு தயார்.
நிறுவாமல் தொடர இயலாது.
மீதமுள்ள நேரம்: பத்தொன்பது நாள்.'

கரைக்குப் போகவே இன்னும் பதினாறுதான்.

சாமல் தோளுக்குப் பின்னால் நின்று
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'உன் வங்கியில்
ஆப்பிள் படமெல்லாம் போட்டிருக்கிறதே' என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

அன்றிரவு ஐவார்ஸ் உருளைக்கிழங்கு உரிக்கையில்
பக்கத்தில் போய் நின்றேன்.
தலை நிமிராமல்
சட்டைப்பையைத் தாடையால் காட்டினான்.

உடனே திறந்தது.
என் மரங்கள் அதில் இல்லை.
அவை எங்கோ ஒரு சர்வரில்
என் அடையாளத்துக்குக் காத்துக் கிடக்கின்றன,
அல்லது பட்டுப்போய்விட்டன.
இங்கே வெறும் நிலம்,
கல்லும் களையும், ஓரத்தில் ஓர் ஓடை.

'உங்கள் பெயர்?' என்றது.

விரல் கொஞ்சம் தயங்கியது.
பிறகு ரசீதில் இருந்தபடியே,
தகப்பன் பெயரோடு,
எழுத்துப் பிசகாமல் அடித்தேன்.

சரிபார்க்கவில்லை.
ஒரு மண்வெட்டி கொடுத்தது.