ளகரம் போய் னகரம்

களுவாஞ்சிகுடியில் கடற்கரைப் பக்க ஒழுங்கை.
பதினொரு மணி வெயில்.
மேகராசா வீட்டு மீற்றரைக் குறித்துக்கொண்டு திரும்பினால்
மதிலில் கட்டிக் கிடக்கிறது கண்ணீர் அஞ்சலி.
மகன் சுபாகரன். இருபத்தொன்பது வயது.
படத்துக்குக் கீழே என் வரிகள்:

இடக்கையால் விளக்கேற்றி
எங்கள் இருட்டையெல்லாம் அணைத்தவனே

நான் எழுதியது அணைத்தவளே.
ளகரம் போய் னகரம் வந்திருந்தது.
மற்றபடி ஒரு புள்ளிகூடச் சிந்தவில்லை.

வதனமலர் இடக்கைக்காரி.
கலியாணம் முடித்து வந்த அன்று
குத்துவிளக்கடியில் என் அம்மா முகம் சுளித்த கை.
அந்தக் கையை எழுதி முடிக்க
முப்பத்தொரு நாளில் முப்பது நாள் போனது எனக்கு.

கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்தால்
என்ன செய்வதென்று தெரியும்.
படிவம் இருக்கிறது. படம் எடுக்கலாம்.
பொலிசோடு வந்து வெட்டலாம், தண்டம் கட்டவைக்கலாம்.
இதற்கு எந்தச் சக்கரம் சுற்றிக் காட்டும்?

அச்சகத்தில் கிசோத் கதிரையை விட்டு எழும்பவில்லை.
"அண்ணன், அது டிசைனோட சேர்ந்து கிடக்கு.
ஆம்பிளைக்கு ஒண்டு, பொம்பிளைக்கு ஒண்டு.
சனம் வந்து அதையேதான் போடச் சொல்லிக் கேக்குது."
எத்தனை பேர் என்றேன்.
விரலை மடக்கினான், மடக்கினான்,
பிறகு கையை விட்டுவிட்டான்.

பொலிசில் ஒரு சார்ஜன்ட்.
என்ன களவு போனது என்றார்.
கவிதை.
"இப்ப உங்களிட்ட இல்லையா?"
இருக்கிறது.
பேனையை மூடினார்.

சட்டத்தரணி நல்ல மனுசன்.
எழுதின கணமே உரிமை உங்களுக்குத்தான், ஐயமே இல்லை என்றார்.
மறுகா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
எத்தனை செத்த வீட்டுக்கு அழைப்பாணை அனுப்புவம்?
காசு வாங்கவில்லை.
வாசலில் அவருடைய தகப்பனின் நினைவுப் படம்,
அதன் கீழே நாலைந்து வரிகள்.
நான் வாசிக்காமல் இறங்கி வந்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது.
"படியில நிண்ட பகலும் போயிட்டுதே"
என்று என் கடைசி அடியில் வருவது என்னுடையதல்ல.
பெரியகல்லாற்றில் ஒரு சாவீட்டில்
பேர் தெரியாத ஒருத்தி மாரடித்துச் சொன்னது.
கேற்றடியில் நின்று கேட்டேன்.
மின்பட்டியல் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.
அவளைத் தேடி நான் போகவில்லை.

அடுத்த மாதம், அதே ஒழுங்கை.
வெயில் குடித்துப் பதாகை வெளிறியிருந்தது.
கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.
தாய் வந்து நின்றதும்
"மகன் இடக்கைக்காரனா?"
அவ்வளவுதான் வந்தது.

"இல்ல மனே, சோத்துக்கைதான் அவனுக்கு எல்லாம்.
ஆரோ எழுதினது அது.
வாசிச்சு வாசிச்சு
இப்ப கனவில வந்தா
இடக்கையாலதான் தண்ணி கேக்கான்."

நூற்றுப் பதினெட்டு அலகு. குறித்தேன்.
துண்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

போகிற வழியில் அச்சகத்தில் இறங்கினேன்.
மூன்றாம் அடியில் 'சுவற்றில்' என்று கிடக்கிறது,
பிழை, 'சுவரில்' என்று மாற்று என்றேன்.
முப்பத்தோராம் நாளே ஒரு தமிழ் வாத்தியார் காட்டினார்,
அப்போது எதையும் திருத்துகிற மனம் எனக்கில்லை.
கிசோத் தட்டினான். அரை நிமிடம்.
"கீழ சின்னனா உங்கட பேரைப் போடட்டா அண்ணன்?"
பகிடிக்குக் கேட்கவில்லை அவன்.
செத்தவரின் படம், அதன் கீழே என் பேர்:
யாருக்கு மாலை என்று சனம் குழம்பும்.
வேண்டாம் என்றேன்.

நேற்று செட்டிபாளையம்.
தபால் கந்தோருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று,
காற்றில் ஒரு மூலை கழன்று அடித்துக்கொண்டிருந்தது.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி மூலையைப் பிடித்துக் கட்டினேன்.
ஒரு பெண், ஐம்பத்திரண்டு வயது, யாரென்று தெரியாது.
மூன்றாம் அடியில் சுவரில், சரியாக.
இரண்டாம் அடியில்
ளகரம் திரும்பி வந்திருந்தது.